மாரியிற் பட்டினப் பயணம்

மாரிகாலத்திலே முதன்முதலாக ஒரு பெரிய பட்டினத்துக்குப் போக எண்ணுகின்றவன் எதனை முதலில் விசாரித்தறிதல் வேண்டும்? இக்கேள்வியை இலண்டன் மாநகருக்குப் புறப்படுகின்ற ஒருவனிடம் கேட்டால், நல்ல கம்பளி உடுப்பு எங்கே கிடைக்கும் என்பதையே முதலில் விசாரிப்பதாகச் சொல்வான். அதே கேள்வியை வெருகலில் வாழ்ந்த பழைய கமக்காரர் ஒருவரிடம் கேட்டிருந்தால், அவர் உடுப்பைப் பற்றியும் பேசியிரார், தங்குமிடத்தைப் பற்றியும் பேசியிரார். "ஆறு எப்படி இருக்கிறது?" என்றுதான் கேட்டிருப்பார்.

வெருகல் என்பது கிழக்கிலங்கையிலே, திருக்கோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில் அமைந்த ஊர். மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகல் ஆறு அங்கே கடலை நாடிச் செல்கின்றது. ஆற்றுக்குத் தெற்கே மட்டக்களப்பு மாவட்டம் தொடங்குகின்றது. ஆற்றங்கரையிற் கோயில் கொண்டிருக்கும் சித்திரவேலாயுத சுவாமியின் பெயரால் அவ்வூர் ஈழத்துத் தமிழர் எல்லோருக்கும் அறிமுகமானது. தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் அப்பெருமான்மீது காதற் பிரபந்தம் ஒன்று பாடியிருப்பதையும் நேயர்கள் அறிந்திருக்கக்கூடும்.

அவ்வூரவர்க்குப் பட்டினம் என்றால் அது திருக்கோணமலை. கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் பெரிய வைத்தியசாலைக்கும் அங்கேயே போகவேண்டும். தூரமோ நாற்பது மைல் அளவுதான். ஆயினும் மாரி பிறந்துவிட்டால் அந்த நாற்பது மைல் நானூறு மைலாகிவிடும். இதிலே ஒரு விந்தையும் உண்டு. ஐரோப்பாவின் கப்பற்படைகள் மாரிகாலத்திலே புகலிடம் தேடிய துறைமுகம் எது என்று வரலாற்றைக் கேட்டால், அதுவும் இந்தத் திருக்கோணமலையையே காட்டும். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் மாரியில் நாடிய பட்டினத்துக்கு, அடுத்திருந்த ஊரவர் மாரியிற் போக அஞ்சியது ஏன்? இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் இதுவேயாகும்.

குளிர்காலம் என்றால் உலகின் பல பகுதிகளிலே பனியும் உறைநீரும் நினைவுக்கு வரும். எங்கள் குளிர்காலம் பனியினால் வருவதன்று, காற்றினால் வருவது. ஆண்டின் ஒரு பாதியிலே சோழகமும் கச்சானும் வீசுகின்றன. அவை தென்மேற்கிலிருந்து வந்து, கொண்டுவந்த மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே சொரிந்துவிட்டு, வெறுங்காற்றாகவே கிழக்குக்கு இறங்குகின்றன. ஆகவே மேற்கிலங்கை நனையும்போது கீழ்க்கரை காய்கின்றது. ஐப்பசி பிறந்தபின் காற்றுத் திரும்புகின்றது. வடகிழக்கிலிருந்து வாடை வருகின்றது. வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் அக்காற்று, ஐப்பசிப் பிற்பாதி முதல் தை வரையில் கீழ்க்கரைக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகின்றது. பெரும்போகம் விளைவதும் அதனாலேதான், வழிகள் அடைபடுவதும் அதனாலேதான்.

கடல்வழியாய் வந்தவர்களின் கதையை முதலிலே பார்ப்போம். பாய்க்கப்பல் ஓடிய காலத்தில், சோழமண்டலக் கரையிலே கப்பல் நிறுத்துவதற்கு நல்ல துறைமுகம் ஒன்று இருக்கவில்லை. சென்னையிலும் புதுச்சேரியிலும் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. வாடைக்காற்று அக்கரையை நோக்கியே வீசுமாதலால், புயல் எழுந்தால் ஒதுங்க இடமில்லை. இதற்கு வரலாற்றில் இரண்டு கொடிய சான்றுகள் உண்டு. 1746 ஆம் ஆண்டிலே பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். சில வாரங்களுக்குள், ஒக்டோபர் மாத நடுப்பகுதியில் ஓர் இரவு எழுந்த புயல் அவருடைய கப்பற்படையைச் சிதைத்தது. பல கப்பல்கள் அழிந்தன, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1761 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் இரவு, புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்களுக்கும் அதே கதி நேர்ந்தது. அங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் கடலுக்கு இரையாயின. போரிலே பகைவன் செய்ய முடியாததை ஓர் இரவுக் காற்றுச் செய்து முடித்தது.

ஆகையால் ஐப்பசி பிறக்கும்போது சோழமண்டலக் கரையை விட்டுப் பம்பாய்க்குச் செல்வது ஆங்கிலக் கப்பற்படைக்கு வழக்கமாயிற்று. பம்பாய்க்குப் போவதென்றால் இலங்கையையும் குமரிமுனையையும் சுற்றிக்கொண்டு மேற்குக்கரை முழுவதும் ஏறிப்போதல் வேண்டும். போன கப்பல்கள் திரும்பி வரும்வரை கிழக்குக்கரை காவலின்றிக் கிடக்கும். சென்னைக்குத் தெற்கே முந்நூறு மைல் அளவில், அதே விரிகுடாவின் ஓரத்திலே, எந்தப் பருவத்திலும் கப்பல் தங்கக்கூடிய ஒரு துறைமுகம் இருந்தால் அதன் பெறுமதி எவ்வளவு! திருக்கோணமலையின் உட்துறைமுகம் அத்தகையது. குன்றுகள் சூழ்ந்து, ஆழம் மிகுந்து, வாயில் ஒடுங்கி, வெளியே கடல் கொந்தளிக்கும்போது உள்ளே குளம்போல் அமைதியாய் இருப்பது. பட்டினத்தின் செல்வத்துக்காகவோ மக்கட்பெருக்கத்துக்காகவோ அன்று, மாரியில் ஒதுங்குவதற்காகவே வல்லரசுகள் அதனை விரும்பின என்று சொன்னால் அது மிகையாகாது.

1782 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் இதனைத் தெளிவாக்கும். அவ்வாண்டு சனவரியிலே ஆங்கிலக் கடற்றளபதி எட்வேட் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து திருக்கோணமலையைக் கைப்பற்றினார். ஓகஸ்டு 31 ஆம் நாள் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதனைப் பறித்துக்கொண்டார். செப்டம்பர் 3 ஆம் நாள் இருவரும் துறைமுகத்துக்கு வெளியே கடும்போர் புரிந்தனர். இரு பக்கத்துக் கப்பல்களும் சேதமுற்றனவே அன்றித் துறைமுகம் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பவில்லை. அதன் பயனாக, அடுத்த மாதம் வாடை எழுந்தபோது ஹியூஸ் தம் பழுதுபட்ட கப்பல்களுடன் நெடுந்தொலைவிலுள்ள பம்பாய்க்கே போக நேர்ந்தது. 1795 ஆம் ஆண்டு ஓகஸ்டிலே ஆங்கிலேயர் மீண்டும் அதனைப் பெற்றனர். பெற்றபின் 1957 ஆம் ஆண்டு வரை அத்துறைமுகத்தைத் தம் கடற்படைக்கு வைத்துக்கொண்டனர். நாடு சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகள் சென்ற பின்னரே அது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது.

மாரியின் செயலாலே இப்பகுதிக்கு வந்துசேர்ந்த வேறொருவரின் வரலாறு வெருகலுக்கு இன்னும் அணித்தானது. 1659 ஆம் ஆண்டு நவம்பர் 19 ஆம் நாள், மசூலிப்பட்டினத்திலே நங்கூரமிட்டு நின்ற 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலைப் புயல் தாக்கியது. கப்பலைக் காப்பாற்றும்பொருட்டு நடுப்பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினார்கள். புதிய பாய்மரம் நாட்டுவதற்காகவும் வணிகத்துக்காகவும் அக்கப்பல் கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பப்பட்டது. கொட்டியாரம் என்பது திருக்கோணமலைக்குத் தெற்கே, மூதூரைச் சூழ்ந்த பிரதேசம். கப்பலின் தலைவர் றொபேட் நொக்ஸ். அதே பெயர் கொண்ட அவருடைய மகனும் உடனிருந்தார். வந்தவர்களுக்கு முதலிலே இடையூறு எதுவும் நேரவில்லை. பின்னர் 1660 ஆம் ஆண்டு ஏப்ரிலில், கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தந்தையும் மகனும் உட்படப் பதினாறு பேரைச் சிறைப்பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோயினர். அவர் பிடிபட்டதாகச் சொல்லப்படும் புளியமரம் மூதூரிலே 'வெள்ளைக்காரன் மரம்' என்று பேர்பெற்றது.

தந்தை அடுத்த ஆண்டிலேயே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டிலே வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றார், ஊரூராய்த் திரிந்து சிறுவாணிகம் செய்தார். ஆனால் அத்திரிதல் வெறும் வாணிகமன்று, தப்பிச்செல்லும் வழியை ஆராய்தலாகும். எந்த ஊரிலே காவல் உண்டு, எந்த வழியிலே நீர் கிடைக்கும் என்று ஆண்டுக்கணக்காக அறிந்துகொண்டிருந்தார். வடக்கிலே பல ஆண்டுகள் மழை பொய்த்து நீர்நிலைகள் வற்றிக் கிடந்தமை தம் முயற்சியைத் தடுத்ததாக அவரே எழுதுகின்றார். ஈற்றில் 1679 ஆம் ஆண்டு, ஒரு தோழருடன் அநுராதபுரத்துக்குச் சென்று, மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக் காட்டினூடே நடந்து, ஒக்டோபர் 18 ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். வாடைமழை வலுத்து ஆறு கரைபுரளுமுன் அவர் கரை சேர்ந்துவிட்டார் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். 1680 ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டனை அடைந்தார். அடுத்த ஆண்டு வெளியான அவருடைய நூல் இன்றும் இலங்கை வரலாற்றுக்கு இன்றியமையாத சான்றாக விளங்குகின்றது. காலத்தை எண்ணாமல் வந்த பயணம் ஒன்று, காலத்தை எண்ணிப் புறப்பட்ட பயணம் ஒன்று. ஒரே மனிதரின் வாழ்க்கையிலே இரண்டையும் காண்கின்றோம்.

இனித் தரைவழியைப் பார்ப்போம். கடலிலே வருகின்றவனுக்கு உட்துறைமுகத்தின் வாயிலைக் கடந்தால் துன்பம் தீர்ந்தது. வெருகலிலிருந்து வருகின்றவனுக்கோ அத்தகைய ஒரு வாயில் இல்லை, பல ஆறுகள் இருந்தன. வெருகலுக்கும் திருக்கோணமலைக்கும் இடையே மகாவலி பல வாய்களாகப் பிரிந்து கடலிலே சேர்கின்றது. அதற்கப்பால் தம்பலகாமக் குடாவின் வாயிலிலே கிண்ணியா. பாலம் அமையாத காலத்திலே ஒவ்வொரு துறையிலும் 'பாதை' ஏறியே அக்கரை சேரவேண்டும். பிற நாட்டுத் தமிழர்க்குப் பாதை என்றால் நடக்கும் வழி. கிழக்கிலங்கையிலோ, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவைக்கும் அதுவே பெயர். ஆறு வழியை அறுத்துவிட்ட இடத்திலே மிதவையே வழியாக நின்றமையால் இப்பெயர் வந்தது போலும்.

கோடையிலே பாதை ஏறுதல் ஒரு பொழுதுபோக்கு. மாரியிலே அது ஒரு சோதனை. வெள்ளம் வேகமாய் ஓடும்போது பாதையை நிறுத்திவிடுவார்கள். பாதை நின்றால் பயணம் நின்றது. மற்றொரு வழி, மூதூர்வரை சென்று அங்கிருந்து லாஞ்சு ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடப்பது. ஆனால் அக்குடா உட்துறைமுகத்தைப் போன்றதன்று, வடகிழக்கை நோக்கித் திறந்து கிடப்பது. வாடை வீசும் நாட்களிலே அலை நேராக உள்ளே வரும். புயலிலிருந்து தப்பிய கப்பல்கள் அமைதியாய் நின்ற இடத்துக்குச் சில மைல் தூரத்திலேயே, வைத்தியசாலைக்குப் போகும் ஒரு தாய் குழந்தையை அணைத்துக்கொண்டு அலையிலே தத்தளிக்க நேர்ந்தது. நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கின்றது. அரசுகள் கடலை நோக்கிய வாயிலைக் கோட்டைகளாற் காத்தன. ஊரை நோக்கிய வாயிலை ஆற்றின் விருப்பத்துக்கு விட்டுவிட்டன. 1927 ஆம் ஆண்டிலே புகையிரதம் திருக்கோணமலைக்கு வந்தது. அதுவும் மேற்கிலிருந்து வந்ததேயன்றித் தெற்கிலுள்ள கொட்டியாரத்தைத் தொடவில்லை.

ஆயினும் அம்மக்கள் பயணத்தைத் திட்டமிடத் தெரியாதவர்களல்லர். ஆண்டுத் திருவிழாக்கள் அமைந்திருக்கும் காலத்தைப் பாருங்கள். சித்திரவேலாயுதர் கோயிலின் பெருவிழா ஆவணியை ஒட்டி வருகின்றது. அப்போது ஆறு வற்றியிருக்கும், வழி காய்ந்திருக்கும். வடக்கிலிருந்து கதிர்காமம் நோக்கி நடந்து செல்லும் யாத்திரிகர் வெருகலைக் கடப்பதும் கோடையிலேதான். கோணேசர் கோயிலின் பெருவிழாவோ வாடை ஓய்ந்தபின், பங்குனி உத்தரத்தை ஒட்டி நிகழ்கின்றது. இறைவழிபாட்டுக்குரிய காரணங்கள் வேறு இருப்பினும், வழி திறந்திருக்கும் காலத்துடன் இவ்விழாக்கள் பொருந்தியிருக்கின்றன. பஞ்சாங்கம் நாளை மட்டும் காட்டவில்லை, வழியையும் காட்டிற்று எனலாம்.

ஆனால் நோய் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. பேறுகாலம் ஆற்றைக் கேட்டு வருவதில்லை. பரீட்சையும் அப்படியே. பொதுத்தராதர சாதாரண தரப் பரீட்சை நெடுங்காலமாக டிசம்பர் மாதத்திலேயே நடந்துவந்தது. மாணவர் தேர்வுக்குச் செல்லும் நாட்களும் மழை வலுக்கும் நாட்களும் ஒன்றாயிருந்தன. இத்தகைய வேளையிலே ஒருவர் முதன்முறையாகப் பட்டினம் போக நேர்ந்தால் அறியவேண்டியவை சில இருந்தன. அவற்றுள் முதன்மையானது, வெருகலின் வானத்தைப் பார்த்து வெருகல் ஆற்றை மதிக்கக்கூடாது என்பது. மகாவலி மத்திய மலைநாட்டிலே பிறந்து 335 கிலோமீற்றர் தூரம் ஓடிவருவது. மலையின் கீழ்ச்சரிவிலே பெய்த மழை பின்னரே வெருகலை அடையும். தலைக்கு மேலே வெயில் எறிக்கும்போதும் காலடியிலே ஆறு ஏறும். ஆகையால், மலைநாட்டிலே மழை எப்படி என்று கேட்டறிவது புறப்படுவோனின் முதற்கடமை. போகும் நாளை மட்டுமன்றித் திரும்பும் நாளையும் எண்ணுதல் அடுத்த கடமை. போகும்போது வழிவிட்ட ஆறு திரும்பும்போது மறிக்கலாம். மாரியிற் புறப்பட்டவர்க்குப் பட்டினத்திலே தங்க ஓர் உறவினர் வீடு வேண்டும், சில நாட்கள் கூடத் தங்கினாலும் குறைவின்றி இருக்கக் கையிலே பொருளும் வேண்டும்.

இதையெல்லாம் எண்ணித் துணிந்து வந்து சேர்ந்தவனுக்கு மாரிகாலத் திருக்கோணமலை தன் தனியழகைக் காட்டாமற் போவதில்லை. கோணமாமலையின் உச்சியிலே நின்று பார்த்தால், கீழே கடல் கறுத்துப் பாறையிலே மோதும். மார்கழியில் திருவெம்பாவைக் காலத்து விடியற்பூசை அங்கே நிகழும். 1620 களிலே போர்த்துக்கீசர் இடித்து, அதன் கற்களாற் கோட்டை கட்டிய அவ்விடத்திலே, 1963 ஆம் ஆண்டிற் குடமுழுக்குக் கண்ட ஆலயம் நிற்கின்றது. ஊருக்கு வெளியே கன்னியாவிலே ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு. கோடையிலே புதுமையாய்த் தோன்றும் அந்நீர், வாடையிலே நனைந்து நடுங்கி வந்தவனுக்கு மருந்தாகவே தோன்றும்.

ஆயினும் மாரியை மதியாதார் இருபதாம் நூற்றாண்டிலும் தப்பவில்லை. மதித்தவர்களும் சிலவேளை தப்பவில்லை. 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் பெரும்புயல் ஒன்று திருக்கோணமலைப் பகுதியைத் தாக்கி, இலங்கையின் வடபுறத்தைக் கடந்து, அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. அங்கே புகைவண்டி ஒன்றைப் பயணிகளுடன் கடல் வாரிக்கொண்டதை மறந்தவர் யார்? பின்னர் இயற்கையின் இடரோடு போரின் இடரும் சேர்ந்தது. 2006 ஆம் ஆண்டிலே வெருகல் பகுதி மக்கள் வீடுவாசலை விட்டுத் தெற்கே வாகரைப் பக்கம் ஓடினார்கள். பட்டினத்துக்குப் போகும் வழியைப் பற்றிய கவலையை, ஊருக்குத் திரும்பும் வழியைப் பற்றிய கவலை விழுங்கிவிட்டது.

போர் ஓய்ந்தபின் பாலங்கள் வந்தன. 2009 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டிலே வெருகல், கங்கை, இறால்குழி ஆகிய இடங்களிலும் பாலங்கள் திறக்கப்பட்டன. மட்டக்களப்பு வீதி முதன்முறையாகப் பாதை ஏறாமல் திருக்கோணமலை சேரும் வீதியாயிற்று. காலையிற் புறப்பட்டுக் கருமம் முடித்து மாலையிலே வீடு திரும்புதல் மாரியிலும் இயல்பாயிற்று. கப்பற்படைகள் பதினெட்டாம் நூற்றாண்டிலே பெற்ற வசதியை, அயலூரவர் இருபத்தோராம் நூற்றாண்டிலே பெற்றனர்.

இதனாலே கதை முடிந்ததென்று எண்ணுதல் கூடாது. 2021 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள், கிண்ணியாவுக்கு அணித்தாயுள்ள குறிஞ்சாக்கேணியிலே, பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே, அதற்கு மாற்றாக ஓடிய பாதை கவிழ்ந்தது. பள்ளிக்குச் சென்ற பாலர் உட்பட ஆறு உயிர்களுக்குக் குறையாமல் நீரிலே மடிந்தன. கார்த்திகை மாதம், காலைவேளை, பிள்ளைகள் ஏறியதோ வழக்கமான துறை. 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே வந்த டித்வா புயலின்போது மகாவலி பெருகி, மாவிலாற்றுப் பக்கம் உடைப்பெடுத்து, வெருகலையும் மூதூரையும் வெள்ளம் சூழ்ந்தது. பாலம் ஆற்றின்மேல் நிற்கலாம். ஆனால் பாலத்தை அடையும் வீதி வெள்ளத்தின் கீழே கிடந்தால் பாலத்தாற் பயன் என்ன?

ஒரு பட்டினம் பெரியது என்பதை அதன் துறைமுகத்திலே எத்தனை கப்பல்கள் நிற்கின்றன என்று எண்ணி அறிவது ஒரு முறை. மாரிகாலத்து நள்ளிரவிலே, அயலூரிலிருந்து ஒரு நோயாளி அதன் வைத்தியசாலைக்கு வந்துசேர முடியுமா என்று பார்ப்பது மற்றொரு முறை. முதல் முறையாலே திருக்கோணமலை நெடுங்காலமாகவே பெரிய பட்டினம். இரண்டாம் முறையாலே அது பெரிதாகத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகின்றன.

வரும் ஐப்பசியிலும் வாடை திரும்பும். வெருகலிலே யாரேனும் ஓர் இளைஞன் முதன்முதலாகப் பட்டினம் போகப் பெட்டி கட்டுவான். அவன் கையிலே தொலைபேசி இருக்கும், வாசலிலே பேருந்து நிற்கும். அவன் வீட்டு முதியவர், மாலை வெளுத்திருக்கும் வானத்தைப் பாராமல், மலைநாட்டுப் பக்கமாக முகத்தைத் திருப்பி, "ஆறு எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். அவன் சிரிக்கலாம். கேட்டறிந்து சொல்லிவிட்டுப் புறப்படுவானாயின், அவன் நல்ல பயணியாவான்.